பழைய ஐ7 வேகமா, புது ஐ3 வேகமா?

ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கணும்னு ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போறீங்கன்னு வச்சுக்கோங்க. கடைக்காரர் ரெண்டு மெஷினை எடுத்து முன்னாடி வைக்கிறார். ஒண்ணுல ஐ7 ஸ்டிக்கர், 2.7 கிகாஹெர்ட்ஸ். இன்னொண்ணுல ஐ5 ஸ்டிக்கர், 1.6 கிகாஹெர்ட்ஸ். ரெண்டுக்கும் ஒரே விலை. எதை எடுப்பீங்க?

அஞ்சை விட ஏழு பெருசு, 1.6-ஐ விட 2.7 பெருசு. அதனால பெரும்பாலானவங்க கை ஐ7 பக்கம்தான் போகும். ஆனா அந்த ஐ7, 2016-ல வந்த 7500யு மாடலாகவும், அந்த ஐ5, 2017-ல வந்த 8250யு மாடலாகவும் இருந்தா, வாங்க வேண்டியது ஐ5. ஏன்னு புரியணும்னா, முதல்ல கிகாஹெர்ட்ஸ் எதை அளக்குதுன்னு பார்க்கணும்.

கிகாஹெர்ட்ஸ் சொல்றது பாதிக் கதைதான்

ப்ராசஸருக்குள்ள ஒரு தாளம் ஓடிக்கிட்டே இருக்கும். 1 கிகாஹெர்ட்ஸ்னா ஒரு விநாடிக்கு 100 கோடி தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ப்ராசஸர் கொஞ்சம் வேலையை முடிக்குது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? அதைத்தான் கிகாஹெர்ட்ஸ் சொல்றதில்ல.

ஒரு தோசை மாஸ்டரை நினைச்சுக்கோங்க. அவர் கை எவ்வளவு வேகமா சுத்துதுங்கிறது கிகாஹெர்ட்ஸ். கல்லு எவ்வளவு பெருசு, ஒரே நேரத்துல எத்தனை தோசை ஊத்துறார்ங்கிறது ஒரு தட்டுக்கு முடியுற வேலை. இதை ஐபிசின்னு சொல்வாங்க. மாவும் எண்ணெயும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கா, இல்ல ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் ரூமுக்கு ஓடணுமாங்கிறது கேஷ். கடையில மொத்தம் எத்தனை மாஸ்டர்கள் நிக்கிறாங்கங்கிறது கோர். கை வேகத்தை மட்டும் பார்த்து, எந்தக் கடையில தோசை சீக்கிரம் கிடைக்கும்னு சொல்ல முடியாது இல்லையா?

பென்டியம் 4 கத்துக்கொடுத்த பாடம்

இது இன்டெல்லே அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட விஷயம். 2000-ஆம் ஆண்டு நவம்பர்ல பென்டியம் 4 வந்தது, 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்துல. அதுக்கு முன்னாடி இருந்த பென்டியம் 3 அப்போதான் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டிருந்தது. பேப்பர்ல பார்த்தா புதுசு 50 சதவீதம் வேகம். ஆனா சோதிச்சுப் பார்த்தப்போ, சில வேலைகள்ல பழைய பென்டியம் 3 முந்திடுச்சு.

காரணம் இதுதான். ஒரு கட்டளையை ப்ராசஸர் பல படிகளாகப் பிரிச்சுச் செய்யும். பென்டியம் 3-ல சுமார் 10 படிகள். பென்டியம் 4-ல அதை 20 ஆக்கினாங்க. ஒவ்வொரு படியும் சின்னதானதால தாளத்தை வேகமாக்க முடிஞ்சது. ஆனா ப்ராசஸர் எப்பவும் அடுத்து என்ன வரும்னு ஊகிச்சு முன்கூட்டியே வேலையை ஆரம்பிக்கும். ரெகுலரா வர்றவர் மசால் தோசைதான் கேட்பார்னு மாஸ்டர் முன்னாடியே ஊத்துற மாதிரி. ஊகம் தப்பினா, பாதியில இருக்குறதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு மறுபடி தொடங்கணும். படிகள் கூடக்கூட இந்த நஷ்டமும் கூடும். 2004-ல வந்த பென்டியம் 4 வகையில படிகள் 31 ஆச்சு. சூடும் ஏறிடுச்சு. 10 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போவோம்னு பேசின இன்டெல், 3.8-லயே நின்னுடுச்சு. 4 கிகாஹெர்ட்ஸ் மாடலை 2004 அக்டோபர்ல கைவிட்டாங்க.

2006-ல கோர் 2 டுவோ வந்தது. அதுல 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுற ஈ6600, 3.73 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் எக்ஸ்ட்ரீம் எடிஷனைப் பெரும்பாலான சோதனைகள்ல தோற்கடிச்சது. முன்னது 65 வாட், பின்னது 130 வாட். மெதுவான தாளம், பாதி மின்சாரம், ஆனா அதிக வேலை.

11 வருஷ இடைவெளி, அதே நாலு கோர்

இப்போ நம்ம தலைப்புக்கு வருவோம். 2011 ஜனவரில வந்த ஐ7-2600. 2022 ஜனவரில வந்த ஐ3-12100. ரெண்டும் டெஸ்க்டாப் ப்ராசஸர். ரெண்டுலயும் நாலு கோர், எட்டு த்ரெட். அடிப்படை வேகம் பழசுல 3.4, புதுசுல 3.3 கிகாஹெர்ட்ஸ். பூஸ்ட் வேகம் 3.8-ம் 4.3-ம்.

ஸ்டிக்கரை மட்டும் பார்த்தா பழைய ஐ7-தான் பெரிய ஆள். ஆனா ஒரு கோரை மட்டும் வச்சுச் சோதிச்சா, புது ஐ3 ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகம். பூஸ்ட் வேகத்துல இருக்குற வித்தியாசம் 13 சதவீதம்தான். மிச்சம் எங்கிருந்து வந்தது? பழசு ஒரு தட்டுக்கு நாலு கட்டளைகளைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கும், புதுசு ஆறு. ஒவ்வொரு கோருக்கும் இருக்குற எல்2 கேஷ் பழசுல 256 கேபி, புதுசுல 1.25 எம்பி. ஊகிக்கிற திறமை நல்லா வளர்ந்திருக்கு. மெமரியும் டிடிஆர்3-லேருந்து டிடிஆர்4, டிடிஆர்5-க்கு மாறியிருக்கு. இவ்வளவும் செஞ்சு, மின்சார அளவு 95 வாட்லேருந்து 60-க்கு இறங்கியிருக்கு.

இன்னொரு வித்தியாசம் சாதாரண சோதனை எண்கள்ல தெரியாது. யூடியூப் வீடியோக்கள் இப்போ விபி9, ஏவி1-ங்கிற முறைகள்ல சுருக்கப்பட்டு வருது. புது ஐ3-ல இதைப் பிரிக்கத் தனிச் சுற்றே உள்ளுக்குள்ள இருக்கு. ஐ7-2600-ல அது கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டும் இல்லேன்னா, பெரிய வீடியோ ஓடும்போது எல்லா வேலையும் கோர்கள் தலையில விழும், ஃபேன் கத்தும்.

லேப்டாப் கணக்கு

ஆரம்பத்துல பார்த்த ரெண்டு லேப்டாப்லயும் இதே மாதிரி ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. ஐ7-7500யு-ல ரெண்டே கோர். ஐ5-8250யு-ல நாலு கோர். ரெண்டுக்கும் 15 வாட்தான். அந்த 1.6-ங்கிறது அடிப்படை வேகம் மட்டுமே. தேவைப்படும்போது ஐ5 3.4 வரைக்கும் போகும், ஐ7 3.5 வரைக்கும். ஆக, ஒரு கோர் போதும்ங்கிற வேலையில ரெண்டும் கிட்டத்தட்டச் சமம். வீடியோ எக்ஸ்போர்ட், கோட் கம்பைல் மாதிரி எல்லா கோரும் இறங்குற வேலையில ஐ5 நல்லாவே முந்தும்.

இன்னொண்ணும் இருக்கு. இன்டெல் ப்ராசஸர்கள்ல, ஒரு சில விதிவிலக்கு தவிர, எட்டாவது தலைமுறையிலேருந்துதான் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு தருது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. அந்த ஐ5 எட்டாவது தலைமுறை, ஐ7 ஏழாவது. ஒரே வருஷ வித்தியாசம், ஆனா ஒண்ணு கோட்டுக்கு இந்தப் பக்கம், இன்னொண்ணு அந்தப் பக்கம்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

முதல்ல ஸ்டிக்கரை விட்டுடுங்க. மெஷினை ஆன் பண்ணி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல முழு மாடல் பெயரும் கோர் எண்ணிக்கையும் இருக்கும். 8250-ன்னா எட்டாவது தலைமுறை, 12100-ன்னா பன்னிரண்டாவது.

பெரிய எண்ணைப் பார்த்து மட்டும் புதுசுன்னு நம்பிடாதீங்க. ஏஎம்டியோட ரைசன் 5 7520யு ஒரு நல்ல உதாரணம். 7000 வரிசையில வந்தாலும், உள்ள இருக்குறது 2019-ல அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. அந்த லேப்டாப் வரிசையில மூணாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்லும்.

அடுத்து, மதிப்பெண்களைப் பார்க்கும்போது சிங்கிள் கோர், மல்டி கோர் ரெண்டையும் தனித்தனியா பாருங்க. பிரவுசர், ஆபீஸ் வேலைன்னா முன்னது முக்கியம். எடிட்டிங், ரெண்டரிங்னா பின்னது. மெல்லிய லேப்டாப்னா ஒரு கனமான வேலையைப் பத்து நிமிஷம் ஓட விடுங்க. சூடாச்சுன்னா ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். முதல் நிமிஷத்துல வர்ற வேகம் பத்தாவது நிமிஷத்துல இருக்கான்னு பாருங்க.

கடைசியா, வீட்ல இருக்குற பழைய மெஷினைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி, எது மெதுவா இருக்குன்னு அதே டாஸ்க் மேனேஜர்ல ஒரு வாரம் கவனிங்க. சிபியு 20 சதவீதத்துல சும்மா இருக்கு, டிஸ்க் மட்டும் 100-ல நிக்குதுன்னா, அங்க பிரச்சனை ப்ராசஸர் இல்ல. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு ஒரு எஸ்எஸ்டி, தேவைன்னா கூடுதல் ரேம், விண்டோஸ் 11 ஏறலேன்னா லினக்ஸ். படிப்புக்கும் எழுத்து வேலைக்கும் கோடிங் கத்துக்கவும் இன்னும் சில வருஷம் தாராளமா ஓடும். சிபியு நாள் பூரா 100-ல நின்னா, அப்போ புதுசுக்குக் காசு எடுத்து வைக்கலாம்.

உங்க மெஷின்ல எது முதல்ல 100-ஐத் தொடுதுன்னு பார்த்து எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.