தண்டுவடக் காயமும் மறுவாழ்வுக் குழுவும்

முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடம் விபத்தில் சேதமடையும்போது, கால்கள் செயலிழப்பதோடு சிறுநீர்க் கட்டுப்பாடும் தோலின் உணர்வும் பெரும்பாலும் போய்விடுவதால், எந்த மருத்துவரும் தனியொருவராக அந்நோயாளியை மீட்டுவிட இயலாது. 1954இல் நேர்ந்த சாலை விபத்தால் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் உருவாகக் காரணமாக இருந்தார்.

இத்தகைய நிலையங்களில் மறுவாழ்வு மருத்துவர் சிகிச்சையின் போக்கை வகுக்க, செவிலியர் படுக்கைப்புண் வராதிருக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதோடு, மெல்லிய குழாய் செலுத்தித் தாமே சிறுநீரை வெளியேற்றவும் கற்றுத்தருகிறார். இயன்முறை மருத்துவர் தோள்களுக்கு வலுவேற்றி, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே வழவழப்பான பலகையை வைத்து, உள்ளங்கைகளை ஊன்றி அதன்மேல் நகர்ந்து மாறப் பழக்குகிறார். குளித்தல், உடுத்தல் போன்ற அன்றாடச் செயல்களை மீட்டுத்தரும் செயல்முறைச் சிகிச்சையாளர், வாசற்படியின் உயரத்தையும் கழிப்பறைக் கதவின் அகலத்தையும் அளந்துவரச் சொல்கிறார். அற்பமாகத் தோன்றும் இந்த அளவெடுப்பே, வீடு திரும்பியவர் மூலையில் முடங்குவாரா, தெருவில் நடமாடுவாரா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. மனநல ஆலோசகரும் சமூகப் பணியாளரும் குடும்பத்தாரோடு பேசுகின்றனர். இவர்கள் கூடும் கலந்தாய்வில் நோயாளியும் அமர்ந்து, எந்த வேலைக்குத் திரும்ப விரும்புகிறார் என்பதைத் தாமே சொல்ல வேண்டும். பயிற்சியின் இலக்கு அங்கிருந்தே வகுக்கப்பட வேண்டும்.