பனியில்லாத கோடையும் மலையிறக்கமும்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது முதுமொழி. நம்மில் பலர் போட்டிக் காலத்தில் சுவரைப் பூசிவிட்டு, கோடை விடுமுறையில் அதைக் கரைய விட்டுவிடுகிறோம்.

காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும் உத்தரகண்டின் ஔலியிலும் பனிச்சறுக்கு விளையாடுவோருக்கு இக்கவலை இன்னும் பெரிது. குளிர்கால மாதங்களில்தான் அங்குப் பனி கிடைக்கும். மற்ற மாதங்களில் அவர்கள் என்ன செய்வர்? சமதளப் பனிச்சறுக்கு வீரர்கள் சக்கரம் பூட்டிய சறுக்குப் பலகைகளில் தார்ச்சாலையில் பழகுகின்றனர். லூஜ் எனும் பனிவண்டிப் போட்டியில் 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் பங்கேற்ற சிவ கேசவன், தம் வண்டிக்குச் சக்கரம் மாட்டி இமயமலைச் சாலைகளில் பயின்றவர். பனி இல்லை என்று அவர்கள் வாளாவிருப்பதில்லை.

பனியே காணாத மேகமலைக்காரனான எனக்கு இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

பிளஸ் டூ தேர்வு முடிந்த கோடையை லைன் வீட்டில் படுத்தே கழித்தேன். கல்லூரியில் சேர்ந்ததும் நெடுந்தூர ஓட்ட அணிக்கான தேர்வில் ஓடினேன். ஆறு பேர் தேவை. நான் பதினான்காவதாக வந்தேன். அந்த ரோஷத்தில், ஊருக்குப் போன ஞாயிறன்று மலைச்சாலையில் ஒரு மணி நேரம் இறக்கமாகவே ஓடினேன். அடுத்த மூன்று நாட்கள் விடுதிப் படிக்கட்டில் சுவரைப் பிடித்துப் பின்புறமாகத்தான் இறங்க முடிந்தது. பகலெல்லாம் கொழுந்து மூட்டையுடன் சரிவில் இறங்கும் என் தாயாருக்கு வராத வலி எனக்கு ஏன் வந்தது? அவரிடமே கேட்டேன். “இறங்கிப் பழகாத காலுப்பா. நாலு நாளு இறங்குனா தன்னால சரியாப் போயிரும்” என்றார். நூலகத்தில் தேடியபோது அறிவியலும் அதையே சொல்லக் கண்டேன்.

இறக்கம் செய்யும் வேலை

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் நூறு மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 60,000 ஜூல் நிலையாற்றல் குறைகிறது. அதன் பெரும்பகுதியைக் கால் தசைகளே தாங்கித் தணிக்க வேண்டும். அப்போது முன்தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது. பனிச்சறுக்கு வீரர் முழங்காலை மடக்கிச் சரிவின் வளைவுகளில் தாங்குவதும் இதே வகை வேலைதான். பழகாத தசையில் இதனால் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு, ஓரிரு நாளில் வலி உச்சமடைகிறது. லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்பது தவறு. அது ஓரிரு மணி நேரத்தில் நீங்கிவிடும். ஒருமுறை பழகிய தசை மறுமுறை மிகக் குறைவாகவே புண்படும். இப்பாதுகாப்புச் சில வாரங்கள் நீடிக்கும்.

உடல் மறப்பதும் மறக்காததும்

1984-இல் வெளியான காயிலின் ஆய்வில், நன்கு பயின்றவர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தியபோது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் மூன்று வாரத்தில் 7 விழுக்காடும், எட்டு வாரத்தில் 16 விழுக்காடும் குறைந்தது. நம் கோடை விடுமுறையும் ஏறக்குறைய எட்டு வாரந்தானே! ஆனால் 1981-இல் ஹிக்சனும் ரோசன்கோட்டரும் நம்பிக்கையூட்டும் முடிவொன்றைக் கண்டனர். வாரம் ஆறு நாள் பயின்றவர்கள், பிறகு இரண்டே நாளாகக் குறைத்தும், வேகத்தைக் குறைக்காததால், பதினைந்து வாரம் அத்திறனை இழக்கவில்லை. நாட்களைக் குறைக்கலாம், முனைப்பைக் குறைக்கலாகாது.

நான் கைக்கொண்ட முறை

சென்ற கோடையில் வாரம் இரண்டு நாள் ஏற்றத்தில் மூச்சு வாங்க ஓடினேன். வேறு இரண்டு நாள் இறக்கத்தில் நடந்தேன். முதல் வாரம் பத்து நிமிடம். பின்பு வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டினேன். எட்டு சிறிதாக இருக்க வேண்டும். முழங்காலை விறைப்பாக நீட்டலாகாது. சமவெளி நண்பர்களுக்குத் தோப்புக்கரணம் போதும். நான்கு எண்ணும் வரை மெல்லத் தாழ்ந்து, சட்டென எழ வேண்டும். அதன்பின் ஒற்றைக்காலில் அரை நிமிடம் நின்று பழகினால் சமநிலை கூடும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. யானையும் காட்டுமாடும் நடமாடும் இடம் எங்கள் மலை. விடியுமுன்னும் அந்திக்குப் பின்னும் தனியே ஓடலாகாது. முழங்கால் வீங்கினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். மலையில் வசித்தாலே மூச்சுத்திறன் வந்துவிடும் என்று எண்ணுவதும் பிழை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 84 விழுக்காடு. உயரத்தின் பயனை நாடும் வீரர்கள் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேல் செல்கின்றனர். எங்கள் ஊர் எனக்குத் தந்தவை குளிர்ச்சியும் சரிவுமே.

இவ்வாண்டுத் தேர்வில் ஆறாவதாக வந்து அணியில் கடைசி இடத்தைப் பெற்றேன். பெரிய வெற்றியன்று, ஆயினும் அது கோடையில் ஈட்டியது. வரும் விடுமுறையில் நண்பர்களும் வாரத்தில் இரண்டு நாளையேனும் தம் கால்களுக்கென ஒதுக்குவார்களாக!