விருப்பச் சோதனை வழி காட்டட்டும், வாசலை மறிக்க வேண்டாம்

தீவகத்தின் கரம்பொன்னில் வேலை தேடும் ஒரு பிள்ளைக்குத் தொழில் வழிகாட்டலின்போது ஒரு வினாத்தாள் தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். "இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டப் பிடிக்குமா?", "ஆய்வுகூடத்தில் வேலை செய்ய விருப்பமா?" என்று கேள்விகள் நீளும். இத்தகைய சோதனைகள் பலவற்றுக்கு அடிப்படை, அமெரிக்க உளவியலாளர் ஜோன் ஹொலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாடு. தொழில் விருப்பங்களை அவர் ஆறு வகையாகப் பிரித்தார். பயனுள்ள கருவிதான். ஆனால் விருப்பம் கண்டு பழகியதிலிருந்தே பிறக்கிறது. ஆய்வுகூடத்தையே காணாத பிள்ளை "இல்லை" என்று அடையாளமிட்டால், அது அவளுடைய இயல்பா, அவளுக்குக் கிட்டாத வாய்ப்பா? தாளுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் விடையை முடிவாகக் கொள்ளாமல் பேச்சின் தொடக்கமாகக் கொள்ள வேண்டும்.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. பிரித்தானியாவில் 2013இல் வேலையற்றோருக்குக் கொடுக்கப்பட்ட 48 கூற்றுகள் கொண்ட இணையச் சோதனை, எப்படிப் பதிலளித்தாலும் ஏறக்குறைய ஒரே பாராட்டைத் தந்தது அம்பலமாகிப் பெரும் கண்டனத்துக்குள்ளானது. அமெரிக்க உயர் நீதிமன்றமோ டியூக் பவர் நிறுவன வழக்கில், வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு தேர்வு கறுப்பினத்தவரைப் பெருமளவில் வடிகட்டினால் அது செய்யப்போகும் வேலையோடு தொடர்புடையதென நிறுவனம் காட்ட வேண்டும் என்று 1971இலேயே தீர்ப்பளித்தது.

வேலைக்கு ஆள் எடுக்கையில் சோதனை இல்லாவிட்டால் சிபாரிசுக் கடிதமே வெல்லும் என்பார்கள். நியாயமான அச்சம். ஆனால் சிபாரிசுக்கு மாற்று, வினாத்தாள் மட்டுமல்ல. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்முகம் வேலைத்திறனை நன்கு கணிக்கிறது என்று 2022இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பும் காட்டியது. இலங்கையின் தேசிய தொழில் தகைமை (என்.வி.கியூ.) முறையில் முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியும் உண்டு. பட்டறையில் பழகி போட் இஞ்சினைத் திருத்தத் தெரிந்தவர், அதற்கேற்ற தொழில் தகைமைக்கு விண்ணப்பித்து, மதிப்பீட்டாளர் முன் தன் திறனைக் காட்டிச் சான்றிதழ் பெற முடியும். அங்கே கைதான் பேசுகிறது.

தொழில் வழிகாட்டல் உத்தியோகத்தருக்கு நேரம் போதாது என்பதும் உண்மைதான். ஆயினும் பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் இதற்கு இல்லை என்றாய்?" என்று கேட்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைத் தீவகத்தின் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒதுக்குங்கள். பிள்ளைகளே, சோதனை முடிந்ததும் உங்கள் பெறுபேற்றின் விளக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அது உங்களைப் பற்றியது.