புது பிளேடு போட்டாச்சு, மற்றதெல்லாம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளைச் சுற்றி ஒரகடம், மாத்தூர், சுங்குவார்சத்திரம் என்று எந்தப் பக்கம் போனாலும் முடிதிருத்தும் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அன்றைக்குத்தான் ஓய்வு. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்தவர்கள், ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் காத்திருப்பார்கள். நாற்காலியில் ஆள் மாறியதும் கடைக்காரர் புது பிளேடு உறையைப் பிரித்து, இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகுவார். வாடிக்கையாளரின் கண் அந்தக் கையிலேயே இருக்கும். பிளேடு புதுசு என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகச் சாய்ந்துகொள்வார்.

அந்த நிம்மதி பாதிதான் நியாயம். கழுத்தில் சுற்றும் துண்டு, சோப்பு நுரை போடும் பிரஷ், சீப்பு, டிரிம்மர், கடைசியில் கன்னத்தில் தேய்க்கும் படிகாரம் எல்லாம் முன்னால் உட்கார்ந்து போனவரைத் தொட்டவைதான்.

எய்ட்ஸ் பயத்தால் வந்த பிளேடு

ஒவ்வொருவருக்கும் புது பிளேடு என்ற வழக்கம் நம் கடைகளில் வேரூன்றியதற்கு ஒரு பயம் காரணம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த டாக்டர் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி கண்டறியப்பட்டது. 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான புள்ளிராஜா விளம்பரம் தெருவுக்குத் தெரு பேச்சானது. தோல்வாரில் தீட்டித் தீட்டி ஊருக்கே சவரம் செய்த பழைய கத்தி மெல்ல ஒதுங்கியது.

இது பெரிய வெற்றி. தமிழ்நாட்டு முடிதிருத்தும் தொழிலாளர்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டதால் கிடைத்த வெற்றி என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. 2004இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ராவல்பிண்டி, இஸ்லாமாபாத் கடைகளில் நேரில் பார்த்தபோது, பாதிக்குச் சற்றே குறைவான சவரங்களில் பழைய பிளேடே மறுபடி பயன்பட்டது. நாம் அந்த நிலையைத் தாண்டி வந்துவிட்டோம். ஆனால் பிளேடோடு நின்றுவிட்டோம்.

படிகாரக் கட்டியின் ஈரம்

சவரம் முடிந்ததும் படிகாரத்தைத் தண்ணீரில் நனைத்து முகம் முழுக்கத் தேய்ப்பார்கள். எரிந்தால் எங்கோ கீறியிருக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறலில் கசியும் ரத்தத்தைப் படிகாரம் சுருக்கி நிறுத்திவிடும். பிறகு கட்டி அதே ஈரத்தோடு கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் தட்டுக்குத் திரும்பும். விளிம்பு மழுங்கி, மேலே சோப்பு படிந்து, ஓரிரு முடி ஒட்டியபடி அடுத்த கன்னத்துக்காகக் காத்திருக்கும்.

ரத்தக் கசிவை நிறுத்துவது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. எச்ஐவி உடலுக்கு வெளியே காய்ந்தால் விரைவில் வலுவிழந்துவிடும். ஹெபடைடிஸ் பி வைரஸ் அப்படியல்ல. காய்ந்த ரத்தத் துளியிலும் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். எச்ஐவியைவிட 50 முதல் 100 மடங்கு எளிதில் தொற்றக்கூடியது. நாம் எதற்கு அதிகம் பயந்தோமோ அதைவிட, பேர்கூடத் தெரியாத இதற்குத்தான் சவரக் கடையில் வாய்ப்பு அதிகம்.

இதைச் சொல்லும்போது அளவோடு சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி பெரும்பாலும் பரவுவது பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும், பாதுகாப்பில்லாத ஊசி, உடலுறவு வழியாகவும்தான். சவரம் சின்ன வழி. வயது வந்தபின் தொற்றினால் நூற்றில் 95 பேருக்குத் தானாகவே நீங்கிவிடும். ஆனால் தங்கிவிட்டால் பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் ஈரலைச் சுருக்கும், சிலருக்குப் புற்றுநோயாக முடியும். 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேருக்கு இந்த வைரஸ் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பலருக்கு அது தெரியாது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதனால் படிகாரக் கட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. படிகாரத் தூளோ திரவமோ இருந்தால் புதுப் பஞ்சில் தொட்டுப் போடச் சொல்லலாம்.

ஈரல் தாங்கும், தோல் தாங்காது

ஹெபடைடிஸ் எப்போதோ ஒருவருக்கு. படர்தாமரை அப்படியல்ல, இந்தத் தொழிற்பேட்டைப் பக்கம் தோல் மருத்துவரைத் தேடி வருபவர்களிடம் தினமும் பார்க்கலாம். வெக்கை, நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும் செயற்கை இழைச் சீருடை, எட்டு மணி நேரம் கழற்ற முடியாத சேஃப்டி ஷூ. பூஞ்சைக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது. கழுத்தோரம், தாடை, காதுக்குப் பின்னால் வட்டமாகச் சிவந்து அரிக்கத் தொடங்கினால் சீப்பையும் துண்டையும் டிரிம்மரையும் சந்தேகிக்க வேண்டும்.

முன்பெல்லாம் இரண்டு மூன்று வாரக் களிம்பில் போய்விடும். இப்போது போவதில்லை. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்திய, நேபாள நோயாளிகளிடம் எடுத்த ஒரு பூஞ்சைக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். டெர்பினாஃபைன் என்ற வழக்கமான மருந்துக்கு இதில் பல ரகம் அசைவதில்லை. நியூயார்க்கிலும் இது தென்பட்டதாக 2023இல் தெரிவிக்கப்பட்டது.

இந்த நிலைக்குப் பெரிய காரணமாகத் தோல் மருத்துவர்கள் சொல்வது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு. அதில் ஸ்டீராய்டு இருக்கும். போட்ட அன்றே அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும், பூஞ்சை மட்டும் உள்ளே செழிக்கும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை 2018இல் மத்திய அரசு மருந்துச் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கவுன்ட்டரில் கேட்டால் கிடைக்கிறது. சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருப்பவர்கள் ஈஎஸ்ஐ மருந்தகத்துக்கே போகலாம். ஒரு ஷிப்ட் லீவு போனாலும் பரவாயில்லை, களிம்பில் ஆறு மாதம் போவதைவிட மேல்.

அறைக்கு ஒரு டிரிம்மர்

கடையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வல்லம் பக்கத்து வாடகை அறைகளில் ஆறு பேர், எட்டுப் பேர் தங்குகிறார்கள். காசு சேர்த்து ஆன்லைனில் ஒரு டிரிம்மர் வாங்கி ஜன்னல் ஓரம் சார்ஜில் போட்டுவைப்பார்கள். தாடிக்கும் அதுதான், அக்குளுக்கும் அதுதான், யாரும் பேசாத இடத்துக்கும் அதுதான். ஒருவருக்கு வந்த அரிப்பு பத்து நாளில் அறைக்கே வந்துவிடும். டிரிம்மரின் தலைப்பகுதி மட்டும் தனியாக விலைக்குக் கிடைக்கும் மாடல்கள் உண்டு. ஆளுக்கொன்று வாங்கிப் பேர் எழுதி வைத்துக்கொள்ளலாம். ரேசர் மட்டும் எந்த நட்புக்காகவும் பகிரக் கூடாது.

'வடக்கத்திப் பசங்க வந்த பிறகுதான் இதெல்லாம்' என்று டீக்கடையில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறான பேச்சு. நெருக்கமான அறை, குறைந்த தண்ணீர், காயாத துணி இவைதான் காரணம். அதில் யார் தங்கினாலும் அதுவே நடக்கும்.

பார்லர் நூல்

2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் மகளிர் விடுதி திறக்கப்பட்டது. மின்னணு ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களின் எண்ணிக்கைக்கு அதுவே சாட்சி. பியூட்டி பார்லர்களும் கூடவே பெருகின. புருவம் திருத்தும்போது நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துப் பிடிப்பது பழைய முறை. அந்த எச்சில் ஈரம் புருவத்தில் படும். நூலைக் கழுத்தில் மாட்டிப் பிடிக்கும் முறையும் இருக்கிறது, அப்படிச் செய்யச் சொல்லலாம். வாக்ஸ் பாத்திரத்தில் ஒரே குச்சியைத் திரும்பத் திரும்ப முக்கினால், ஒருவர் தோலில் இருந்தது அத்தனை பேருக்கும் போகும்.

2020இல் முடிந்தது

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2020 மே 19இல் கிராமப்புறங்களிலும், ஜூன் 1இல் சென்னையிலும் முடிதிருத்தும் கடைகள் திறந்தன. ஒருவர் துண்டை இன்னொருவருக்குப் போடக் கூடாது, கருவிகளைக் கிருமி நீக்க வேண்டும் என்று விதித்தார்கள். தொழிலாளர்கள் கைக்காசு போட்டுச் செய்து காட்டினார்கள். சில மாதங்களில் எல்லாம் மறைந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டிங் விலையை உயர்த்தினால் அடுத்த கடைக்குப் போகும் நாம்தான் அந்தச் செலவைத் தாங்க மறுத்தோம்.

பெரிய செலவும் இல்லை. சீப்பையும் கத்தரியையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து தெளிந்த நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, அலசித் துடைத்தால் துருவும் பிடிக்காது. கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். டிரிம்மரில் முடியைத் தட்டிவிட்டு 70 சதவீத ஆல்கஹால் தெளித்துக் காயவிடலாம். நீல விளக்கு எரியும் பெட்டியை நம்பி அழுக்குக் கருவியை உள்ளே வைப்பதில் பயனில்லை. ஒளி படாத மடிப்பில் கிருமி அப்படியே இருக்கும். துண்டை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம், எந்தக் கடைக்காரரும் தவறாக நினைக்க மாட்டார்.

ஊசி யாருக்கு?

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுக்கக் குழந்தைகளுக்குப் போடப்பட்டது 2011 முதல்தான். இன்று ஆலையில் நிற்கும் இருபது முப்பது வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைத்திருக்காது. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது, அவ்வளவுதான். ஏற்கனவே தொற்று இருக்கிறதா என்பதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். 104இல் அழைத்து அருகில் எங்கே என்று கேட்கலாம்.

ஆனால் முதலில் போட வேண்டியவர்கள் கடைக்காரர்கள். அரை பிளேடை ஒடிக்கும்போது விரல் கிழிவது அவர்களுக்கு வாடிக்கை. அந்த விரலோடுதான் அடுத்தவர் முகத்தைத் தொடுகிறார்கள், அடுத்தவர் ரத்தத்தையும் தொடுகிறார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான முடிதிருத்தும் கடைகளுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒரு செவ்வாய்க்கிழமையை அவர்களுக்கென ஒதுக்கிக் கூப்பிட்டால் பிழைப்பு கெடாமல் வருவார்கள். பார்லர் பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று ஊசிக்கும் மூன்று செவ்வாய்க்கிழமைகள் போதும்.