ஆடிப் பிழைக்கலாமா?

சென்ற பொங்கல் விழாவில் நம் மன்றத்து மேடையில் ஆடி முடித்து, முகப்பூச்சைக் கலைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி அருகில் வந்து, "அண்ணா, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டாள். "இதுதான் வேலை" என்றேன். அவள் நம்பவில்லை. படிப்பை விட்டுவிட்டு நடனத்துக்கே வந்துவிடலாமா என்னும் எண்ணம் அவள் உள்ளத்தில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. மேடையோரத்தில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய விடையன்று அது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் இப்பல்கலைக் கழகத்தில் வேதியியல் பயின்றவன். ஒன்பது ஆண்டுகளாகத் தில்லியில் தற்கால நடனம் ஆடியும் அமைத்தும் கற்பித்தும் வாழ்கிறேன். யாரிடமும் மாதச் சம்பளம் பெறுபவன் அல்லன்.

தற்கால நடனம் என்றால் என்ன? பரதம், கதகளி போன்ற மரபுக் கலைகளில் அடவும் முத்திரையும் முன்பே வகுக்கப்பட்டிருக்கின்றன. தற்கால நடனத்தில், சொல்ல வந்த கருத்துக்கேற்ற அசைவைக் கலைஞரே தேடிக் கண்டடைகிறார். அதற்காக மரபைத் துறக்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் வாழ்ந்த சந்திரலேகா 1985-இல் படைத்த 'அங்கிகா'வில் பரதமும் களரியும் யோகமும் ஒன்றுகூடின.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நினைத்துப் பாருங்கள். ஐந்து வயதில் பயிலத் தொடங்கிய மாதவி பன்னிரண்டு வயதில் சோழன் முன்னிலையில் ஆடுகிறாள். ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒரு கூட்டமே அவளைச் சூழ்ந்து நிற்கிறது. முடிவில் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்மாலையும் கிடைக்கின்றன. இன்று தனித்து ஆடுபவனுக்கு எதிரே அரசனும் இல்லை. பக்கத்தில் அக்கூட்டமும் இல்லை. ஆடுபவனும் அவனே, ஆசானும் அவனே, கணக்கனும் அவனே. இதில் கடைசிப் பதவியைத்தான் நம்மவர் மறந்துவிடுகிறார்கள்.

ஆதரவு நின்றுபோனால் பெருங்கலைஞரும் தடுமாறியிருக்கிறார்கள். உதயசங்கர் 1938-இல் அல்மோராவில் தொடங்கிய நடனக் கலைமையம் சில ஆண்டுகளிலேயே பணமுடையால் மூடப்பட்டது. அவர் மனம் தளராமல் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் 'கல்பனா' என்ற திரைப்படத்தை எடுத்து 1948-இல் வெளியிட்டார். அல்மோராவில் அவரிடம் பயின்ற நரேந்திர சர்மா, தில்லிக்கு வந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு நடனம் கற்பித்தார். 1972-இல் 'பூமிகா' என்ற குழுவை அமைத்தார். வணிகவியல் படித்த அஸ்தாத் தேபூ, ஒவ்வொரு படைப்புக்கும் ஏற்ற துணையைத் தேடிச் சென்றார். மணிப்பூரின் மத்தளக் கலைஞரோடும் ஆடினார். சென்னை கிளார்க் பள்ளியின் காது கேளாத மாணவியரையும் ஆட வைத்தார். 2020-இல் மறையும்வரை அவர் கலை ஓயவில்லை. ஒரே கிளையில் முழுப் பாரத்தையும் ஏற்றாதவர்கள் இவர்கள்.

இனி என் சொந்தக் கதை. முதலாண்டில் ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்குப் பன்னிரண்டு நிமிட நடனம் கேட்டார்கள். 60,000 ரூபாய் என்றேன். பன்னிரண்டு நிமிடத்துக்கு அவ்வளவா என்று அவர்கள் வியந்தார்கள். நானும் உள்ளூர வியந்தேன்! பிறகு செலவைப் பாருங்கள். ஒத்திகை 18 நாள். நாளைக்கு 3 மணி நேரம், மணிக்கு 400 ரூபாய் வாடகை, ஆக 21,600. உடன் ஆடிய இருவருக்கு 24,000. உடைக்கு 7,500. போக்குவரத்துக்கு 3,200. மொத்தம் 56,300. பதினெட்டு நாள் உழைப்புக்கு மிஞ்சியது 3,700! அதிலும் 10 விழுக்காடு, அதாவது 6,000 ரூபாயை, வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தார்கள். அதுவும் ஐந்து மாதம் கழித்து. கையிலிருந்து 2,300 ரூபாய் போட்டு நான் ஆடியிருக்கிறேன்.

பிடித்த வரியை, ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பப் பெறலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. ஊரில் அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தையார்தான் சொன்னார். நான் ஆடப் போனதில் அவருக்கு இன்றுவரை முழுச் சம்மதம் இல்லை. ஆயினும் அந்த வாரமே, வரவு செலவுக் கோடு போட்ட நோட்டு ஒன்றைத் தபாலில் அனுப்பி வைத்தார். மேடையில் ஆடும் நிமிடத்துக்கு விலை சொல்லாதே, ஒத்திகை நாளுக்கு விலை சொல் என்று அந்த நோட்டு எனக்குக் கற்பித்தது.

அதன் பிறகு நான் வகுத்துக்கொண்ட முறை இது. நான் ஈட்டும் பத்து ரூபாயில் ஐந்து, வகுப்புகளிலிருந்து வருகிறது. மூன்று, பிறருக்காக அமைக்கும் நடனங்களிலிருந்து வருகிறது. நாடகக் குழுக்களுக்கு உடலசைவு கற்பிப்பதும் இதில் அடங்கும். மீதி இரண்டுதான் என் சொந்தப் படைப்பு தருவது. அவ்விரண்டுக்காகத்தான் மற்ற எட்டும். பெங்களூரில் 1993-இல் நிறுவப்பட்ட இந்தியக் கலை அறக்கட்டளை போன்றவை நல்கை வழங்குகின்றன. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவனுக்கே அது கிட்டும். நம் மன்ற இதழில் கட்டுரை எழுதிய பழக்கம் எனக்கு அங்கே உதவிற்று.

வேலையை ஒப்புக்கொள்ளுமுன் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். ஒத்திகை எத்தனை நாள், பயணச் செலவு யாருடையது, நிகழ்ச்சி நின்றுபோனால் என்ன தருவார்கள், பணம் எந்த நாளில் வரும் என்பவை அதில் இருக்கட்டும். பாதியை முன்பணமாகக் கேளுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்புக்கும் காப்பு அளிக்கிறது. ஆனால் அது எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு படைப்பையும் படம்பிடித்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறர் இசையை எடுத்தாள்வதற்கும் அப்படியே அனுமதி வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய முதல் உடல். மாதவியின் அரங்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று இளங்கோ அளந்து சொல்கிறார். நானோ அரங்கைப் பார்க்காமலே ஒப்புக்கொள்வேன். நான்காம் ஆண்டில் ஒரு விழாவில் சிமென்டுத் தரையின் மேல் மெல்லிய விரிப்பைப் போட்டிருந்தார்கள். குதித்து இறங்கும்போது மரத்தளமானால் சற்றே வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். சிமென்டு அதை அப்படியே முழங்காலுக்குத் திருப்பிவிடும். மூன்று நாள் ஆடினேன். ஆறு மாதம் படுத்தேன். அந்த ஆறு மாதமும் நாற்காலியில் உட்கார்ந்தபடி பிள்ளைகளுக்குக் கற்பித்த கூலியில்தான் வீட்டு வாடகை கொடுத்தேன். சொந்தப் படைப்பை மட்டுமே நம்பியிருந்தால் அன்றே ஊர் திரும்பியிருப்பேன். இப்போது முதற் கடிதத்திலேயே தரை எத்தகையது என்று கேட்டுவிடுகிறேன். ஆறு மாதச் செலவுக்கான தொகையை வங்கியில் தொடாமல் வைத்திருக்கிறேன்.

தங்கையே, உன் கேள்விக்கு வருகிறேன். ஆடிப் பிழைக்கலாம். ஆனால் பட்டத்தை முடித்துவிட்டு வா. பட்டம் ஆட்டத்துக்குப் பகையன்று. வருவதற்கு முன் ஓராண்டு, காலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி செய். மாலையில் நான்கு பிள்ளைகளுக்காவது கற்பித்துப் பார். இரவில் கணக்கு எழுது. இம்மூன்றில் எது உனக்குக் கசக்கிறது என்று பார். பயிற்சி கசந்தால், நல்ல ரசிகையாக இரு, அதுவும் பேறுதான். கற்பித்தல் கசந்தால், வேறொரு நிலையான வருவாயைத் தேடிக்கொண்டு ஆடு. கணக்கு மட்டும் கசந்தால் அஞ்சாதே. எனக்கும் கசந்தது.

என் தந்தையார் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் புதிய நோட்டு ஒன்று அனுப்புகிறார். இவ்வாண்டு இரண்டு வந்திருக்கின்றன. ஒன்றை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்.