சுவிட்சுக்குள் பஞ்சு

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "சுவிட்சில் பச்சை லைட் எரிகிறது. ஆனால் மாடியில் கட்டிங் பக்கம் உள்ள கம்ப்யூட்டர் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. வந்து பார்த்தவர் சுவிட்சையே மாற்றச் சொல்கிறார். மாற்றணுமா?"

அவசரப்படாதீர்கள். பச்சை லைட் எரிந்தால் லிங்க் இருக்கிறது, அவ்வளவுதான். என்ன வேகத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காப்பர் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். 1000 மெகாபிட் ஓட நான்கும் வேண்டும்; 100க்கு இரண்டே போதும். மீதி இரண்டில் ஒன்று அறுந்தால் பல சுவிட்சுகள் யாரிடமும் சொல்லாமல் 100க்கு இறங்கி ஓட்டிவிடும்.

எங்கே அறுந்தது என்பதையும் கொஞ்சம் நல்ல சுவிட்சாக இருந்தால் அதுவே சொல்லும். மெனுவில் கேபிள் டெஸ்ட் என்று இருக்கும். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும்வரை எண்ணி ஆழம் சொல்வோம்; இதுவும் அதே கணக்குத்தான். கேபிளுக்குள் விட்ட மின்துடிப்பு நானோ செகண்டுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் ஓடுகிறது. 200 நானோ செகண்டில் திரும்பினால் போக 100, வர 100. கோளாறு 20 மீட்டரில். கம்பி அறுந்திருந்தால் துடிப்பு போனபடியே திரும்பும். கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் தலைகீழாகத் திரும்பும். ஒன்றிரண்டு மீட்டர் முன்பின் இருக்கலாம்.

அங்கே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் எலி கடித்த இடமோ மட்டமான கேபிளோ இருக்கும். விலை குறைவு என்று வாங்குவதில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். வளைத்தால் ஒடியும்; மின்தடையும் அதிகம். பல லட்சம் போட்டு நிட்டிங் மெஷின் இறக்குகிறவர்கள் கேபிளில் சில ஆயிரம் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரியாத சிக்கனம்.

இதெல்லாம் காப்பர் கேபிளின் கதை. ஃபைபர் விஷயம்தான் நம் திருப்பூருக்கென்றே அமைந்தது. தூரத்துக்குப் போடும் சிங்கிள் மோடு ஃபைபரில் வெளிச்சம் ஓடும் கண்ணாடி மையம் சுமார் 9 மைக்ரான்தான். பருத்தி இழை ஒன்றின் அகலம் ஏறக்குறைய 12 முதல் 20 மைக்ரான். அதாவது, தையல் டேபிளுக்கு மேலே மிதக்கும் ஒற்றைப் பஞ்சிழை கனெக்டர் முனையில் உட்கார்ந்தால் மொத்த வழியையும் அடைத்துவிடலாம். வேறு தொழில் நடக்கும் ஊரில் இது எப்போதாவது வரும் தொல்லை. திருப்பூரில் காற்றிலேயே கலந்தது.

சுவிட்சில் செருகும் ஃபைபர் மாட்யூல் பலவும் தனக்கு வரும் ஒளியின் அளவைக் காட்டும். போன மாதம் மைனஸ் 8 டிபிஎம் காட்டியது இன்று மைனஸ் 18 என்றால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. லிங்க் இன்னும் அறுந்துபோகாமல் இருக்கலாம், ஆனால் எரர் எண்ணிக்கை ஏறத் தொடங்கலாம். தூசியா, கேபிள் மடங்கியிருக்கிறதா என்றும் பிரிக்கலாம்: மடிப்பில் 1550 நானோமீட்டர் ஒளி 1310ஐவிட நிறையக் கசியும். தூசி இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரி மறைக்கும்.

கனெக்டரோடு வரும் சின்ன மூடியை முதல் நாளே குப்பையில் போடுகிறோம். அது அலங்காரத்துக்கு வந்ததல்ல. கழற்றியதும் மாட்டி வையுங்கள். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் ஒட்டும். பனியன் வேஸ்ட்டால் துடைத்தால் இன்னும் பத்து இழை சேரும். சுத்தம் செய்வதற்கென்றே பேனா மாதிரி ஒன்று கடையில் கிடைக்கிறது. மூடியைக் கழற்றி முனையைக் கண்ணருகே கொண்டுபோகும் முன் மறுபக்கத்தையும் பிடுங்கிவிடுங்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.