நடவாத போட்டிக்கு ஒரு தீர்ப்பு

குத்துச்சண்டையில் பற்றுடைய நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், நடந்த போட்டிகளைப் பற்றிய பேச்சு விரைவிலேயே ஓய்ந்து, ஒருநாளும் நடவாத போட்டிகளைப் பற்றிய சர்ச்சை தலையெடுத்துவிடும். வெவ்வேறு காலத்தில் மேடையேறிய இரண்டு மகாவீரர்களை, அவரவருடைய சரீர பலமும் வித்தைத் தேர்ச்சியும் உச்சத்தில் இருந்த நாளில் எதிரெதிரே நிறுத்தினால் வெற்றி யாரைச் சேரும் என்ற அந்த வினாவை, வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோர் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. இந்த வாதத்தில் பொறுப்போடு புகுகிற ஒருவர், தம் அபிமான வீரரின் புகழை மட்டும் பாடிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அவருடைய கால் எப்படி நகர்ந்தது, கை எப்போது தாழ்ந்தது, பலமாக அடிபட்ட கணத்தில் அவர் என்ன செய்தார் என்பவற்றையெல்லாம் பழைய படச்சுருள்களில் திரும்பத் திரும்பப் பார்த்தே ஆகவேண்டும்.

இவ்வகை வழக்குகளுள் மிகப் பிரசித்தமானது ராக்கி மார்சியானோவா, முகம்மது அலியா என்பது. மார்சியானோ 49 போட்டிகளில் இறங்கி, 49-லும் வென்று, அவற்றுள் 43-ஐ முழுச் சுற்றுக்களும் ஓடுமுன்பே முடித்து, தோல்வியே அறியாத ஹெவிவெயிட் சாம்பியனாக 1956-இல் ஓய்வு பெற்றவர். 1967-இல் மர்ரே வொரோனர் என்ற அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர், பழையவரும் புதியவருமான 16 ஹெவிவெயிட் வீரர்களின் குணவிசேஷங்களை எண்களாக்கிக் கம்ப்யூட்டரில் செலுத்தி, அது கூறிய முடிவுகளை நேரில் நடப்பவைபோல் வர்ணனையாக ஒலிபரப்பினார். அந்தப் பந்தயத்தில் மார்சியானோ, இறுதியில் ஜாக் டெம்ப்ஸியையும் வீழ்த்திப் பட்டம் பெற்றார். அலியோ 1899-இல் சாம்பியனான ஜிம் ஜெஃப்ரீஸிடம் இடையிலேயே தோற்றதாக அறிவிக்கப்பட்டார். தம் பெயருக்கு மாசு வந்தது என்று அலி பத்து லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்க, அது ராஜியில் முடிந்து, 1969-இல் அவ்விருவரும் காமிராவின் முன்னால் கையுறை அணிந்து நிற்கும்படி ஆயிற்று.

ராணுவ சேவைக்குச் செல்ல மறுத்ததனால் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டிருந்த அலிக்கு அப்போது வயது 27. மார்சியானோவுக்கு 45, கடைசிப் போட்டியில் இறங்கி ஏறத்தாழ 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆயினும் அம்மனிதர், இந்த ஒரு படத்துக்காகச் சுமார் 50 பவுண்டு எடை குறைத்து, தலை வழுக்கையை டோப்பாவால் மறைத்துக்கொண்டு, மயாமி ஸ்டூடியோ ஒன்றில் ஒரு நிமிஷச் சுற்றுக்களாக ஏறத்தாழ எழுபது சுற்றுக்கள் ஆடிக் கொடுத்தார். முடிவும் பலவிதமாகப் படமாக்கப்பட்டது. எது திரைக்கு வரும் என்பது இருவருக்கும் தெரியாது. மார்சியானோ அதை அறியாமலே போய்விட்டார். 1969 ஆகஸ்டு 31-ஆம் தேதி, தமது 46-ஆம் பிறந்த நாளுக்கு முந்திய தினத்தில், அயோவா மாநிலத்தில் விமான விபத்தில் இறந்தார். 1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் தியேட்டர்களில் காட்டப்பட்ட படத்தில் அவர் 13-ஆம் சுற்றில் அலியை நாக்-அவுட் செய்தார். ஐரோப்பாவுக்குச் சென்ற பிரதியிலோ, மார்சியானோவின் முகக் காயங்களுக்காகச் சண்டை நிறுத்தப்பட்டு அலி வென்றார். ஒரே போட்டிக்கு இரண்டு தீர்ப்புகள்.

இயந்திரம் தடுமாறியதில் வியப்பில்லை. ஏனெனில் உச்ச நிலை என்று நாம் சொல்வதே பல வேளைகளில் பிரத்தியக்ஷமாகக் கண்ட பொருளன்று, அனுமானமே. 1966 நவம்பரில் ஹூஸ்டன் நகரில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாம் சுற்றில் முடித்த அலிக்கு 24 வயது. அதற்கடுத்து 1967 மார்ச்சிலிருந்து 1970 அக்டோபர் வரை, அதாவது ஒரு ஹெவிவெயிட் வீரனுக்கு வேகமும் பக்குவமும் ஒன்றுசேரக் கூடிய 25 முதல் 28 வரையிலான வயதில், அவர் ஒரு போட்டியிலும் இறங்கவில்லை. தடை அனுமதித்திருந்தால் அலி எத்தகைய வீரராக ஆகியிருப்பார் என்பதை ஒருவரும் பார்த்ததில்லை. விளையாட்டு உலகம் இழந்தவற்றுள் அந்த மூன்றரை ஆண்டுகளைப் போல் என்னை வருத்துவது வேறொன்றில்லை.

இன்னொரு தவறான கணக்கும் இந்தச் சர்ச்சையில் அடிக்கடி நுழையும். முதலாமவன் இரண்டாமவனை வென்றான், இரண்டாமவன் மூன்றாமவனை வென்றான், ஆகவே முதலாமவனே மூன்றாமவனையும் வெல்வான் என்பது அது. 1971-இல் ஜோ ஃபிரேசியர் அலியை வென்றார். 1973-இல் ஜார்ஜ் ஃபோர்மன் அதே ஃபிரேசியரை இரண்டே சுற்றுக்களுக்குள் ஆறு முறை தரையில் வீழ்த்தினார். 1974-இல் கின்ஷாசாவில் அலி அந்த ஃபோர்மனை எட்டாவது சுற்றில் நாக்-அவுட் செய்தார். பெருமைக்கும் பெருமைக்கும் நடப்பதல்ல சண்டை. ஒரு பாணிக்கும் மற்றொரு பாணிக்கும் நடப்பது.

அப்படியானால் இவ்விருவருடைய பாணிகளை நோக்குவோம். 5 அடி 10 அங்குலமும் சுமார் 185 பவுண்டும் உடைய மார்சியானோ, இன்றைய பிரிவினைப்படி ஹெவிவெயிட்டே ஆகார். 6 அடி 3 அங்குலமும் 210 பவுண்டுக்கு மேலும் கொண்ட அலிக்குக் கைநீளம் பத்து அங்குலமாவது அதிகம். ஆனால் 1952 செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில் ஜெர்சி ஜோ வால்காட்டுடன் நடந்த போட்டியைப் பார்த்தவர், அளவுகளை மட்டும் நம்பமாட்டார். முதல் சுற்றிலேயே மார்சியானோ தரையைக் கண்டார். பன்னிரண்டு சுற்றுக்கள் முடிந்தபோது மூன்று தீர்ப்பாளர்களின் சீட்டிலும் அவர் பின்தங்கியிருந்தார். 13-ஆம் சுற்றில் கயிற்றருகே பின்வாங்கிய வால்காட்டின் தாடையில், மிகக் குறுகிய தூரமே ஓடிய வலக்கைக் குத்து ஒன்று விழுந்தது. இடக்கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, வால்காட் முழங்காலில் மடிந்து, நெற்றி தரையில் படியச் சரிந்தார். 1982-இல் தென்கொரிய வீரர் டுக்கூ கிம் அடிபட்டு இறந்த பிறகு பட்டப் போட்டிகள் 15 சுற்றுக்களிலிருந்து 12-ஆகக் குறைக்கப்பட்டனவே, அந்த விதி அன்று இருந்திருந்தால் சாம்பியனாக மேடையை விட்டு இறங்கியிருப்பவர் வால்காட். 49-க்கு 49 என்ற கணக்கும் இருந்திராது.

ஆகையால் நடவாத போட்டிக்குத் தீர்ப்பு எழுதுமுன், எந்த ஆண்டின் விதிப்படி என்று கேட்டாக வேண்டும். 1954-இல் எஸ்ஸார்ட் சார்லஸுடன் ஆடிய இரண்டாவது போட்டியில் மார்சியானோவின் மூக்கு நுனி பிளந்து ரத்தம் கொட்டியும், நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. எட்டாவது சுற்றில் சார்லஸ்தான் வீழ்ந்தார். இக்கால நடுவரும் டாக்டரும் அத்தனை பொறுப்பார்களா என்பது சந்தேகம். 1966-ஆம் வருஷத்து அலியின் ஜாப், மார்சியானோவின் புருவத்தை ஐந்தாறு சுற்றுக்களுக்குள் கிழித்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்றைய விதியானால் காயத்தால் அலிக்கு வெற்றி. அன்றைய விதியானால் 15 சுற்றும் ஓடி, பாயிண்ட் கணக்கில் அலிக்கு வெற்றி.

மார்சியானோ கட்சியார் உடனே ஃபிரேசியரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். குட்டையான உருவம், ஓயாத நெருக்கம், அடிவாங்கியும் முன்னேறும் பிடிவாதம் இவையெல்லாம் அலியைத் திணறச் செய்தன அல்லவா என்பார்கள். கனமான வாதம்தான். ஆனால் ஃபிரேசியர் சந்தித்தது தடைக்குப் பின் கால் வேகம் குறைந்து கயிற்றில் சாய்ந்து ஆடிய அலியை. தவிர, சோனி பேங்க்ஸ் 1962-லும் ஹென்றி கூப்பர் 1963-லும் ஃபிரேசியர் 1971-லும் அலியைத் தரையில் சாய்த்த குத்துக்கள் மூன்றும் இடக்கை ஹுக். மார்சியானோவுக்கும் நல்ல இடக்கை உண்டு. எனினும் அவர் பிரதானமாக நம்பியது வலக்கையை, அதுவும் தோளுக்கு மேலிருந்து வளைந்து இறங்கும் குத்தை. அந்தக் குத்து வரும் வழியை, பின்னுக்குச் சாய்ந்தே நூலிழையில் தப்பும் இளம் அலி முன்கூட்டியே கண்டுகொண்டிருப்பார்.